சுக்கானின் குடுமி



இந்த வரிசையில் எனக்கு முன்னர் பேசியவர்கள் கவிதையைப் பற்றியும் நாவலைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் உலோகத்துண்டு. இதிலே இலக்கியம் எங்கேயிருக்கிறது என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். முப்பத்தாறு வருடம் தமிழ் படிப்பித்த ஒருவனுக்கு ஒரு சொல் தெரியாமற்போன கதையும் இதற்குள்ளே இருக்கிறது.

2016 ஆம் ஆண்டு கோடையில் நான்கு மாதங்கள் இங்கிலாந்தின் தென்கரையிலே, சவுத்தாம்ப்டன் நகரில், அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் வல்வெட்டித்துறையிற் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்திற் படிக்கப் போய், எந்திரியாகி, அங்கேயே ஓய்வுபெற்றவர். அந்த ஊரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த வரலாற்றை, விருந்தாளி யார் வந்தாலும் ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார். அப்படிப்பட்டவரிடம் ஒரு பாய்வள்ளம் இருந்தது வியப்பன்று. ஆனால் அது கப்பலென்று சொல்லத்தக்கதன்று. கராஜுக்குள் கார் நிற்கவேண்டிய இடத்தில் நின்ற, பத்தடி பத்து அங்குல நீளமான ஒட்டுப்பலகை வள்ளம்.

'மிறர்' என்பது அந்த வள்ள இனத்தின் பெயர். 'டெய்லி மிறர்' பத்திரிகை முன்னின்று 1963 இல் அறிமுகப்படுத்தியது. பாய்வள்ளம் பணக்காரரின் விளையாட்டாக இருந்த நாட்டிலே, மாதச் சம்பளக்காரனும் தன் வீட்டிலேயே ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும் என்பது நோக்கம். வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் ஜாக் ஹோல்ட் என்ற வள்ள வடிவமைப்பாளர். மற்றவர், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்துப் பெயர்பெற்ற பாரி பக்னெல். பலகைத் துண்டுகளைச் செப்புக்கம்பியால் தைத்துப் பொருத்தி, தையலின் மீது கண்ணாடிநார்ப் பட்டியும் பிசினும் பூசிவிடுவதே முறை. கயிற்றால் தைத்த மரக்கலங்கள் ஓடிய இந்துசமுத்திரத்தின் கரையிலிருந்து போன எனக்கு இதிலே பெரிய புதுமை தெரியவில்லை என்று சொன்னேன். அத்தான் அதை ரசிக்கவில்லை. தொடக்க விலை 63 பவுணும் 11 சிலிங்கும். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மிறர் வள்ளங்கள் உலகெங்கும் கட்டப்பட்டிருக்கின்றன. சிவப்புப் பாய்தான் அவற்றின் அடையாளம். அத்தான் தம்முடையதை 1974 இல், அக்காவைக் கைப்பிடித்த மறுவருடம் கட்டினார். முதல் ஓட்டத்தில் அக்காவும் இருந்தாளாம்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், சிச்செஸ்டர் குடாவில் வள்ளத்தை இறக்கினோம். பாயை எப்படிப் பிடிப்பது என்று கரையில் அரைமணித்தியாலம் எனக்குப் பாடம் நடந்தது. அக்கா கரையில் மடக்குக் கதிரை போட்டிருந்தாள். காற்று மெல்லியதாகத் தொடங்கி, நாங்கள் நடுவே போனதும் பலத்தது. அத்தான் சுக்கான் பிடியைத் தம்பக்கம் இழுத்தார். 'டிக்' என்று ஒரு சிறு சத்தம். பெரிதாக எதுவும் முறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுள்ளி முறிவது போலத்தான் கேட்டது. ஆனால் பிடி அவர் கையிலே செத்ததுபோலாகிவிட்டது. சுக்கானின் கீழ்ப்புறம் வள்ளத்தைவிட்டுக் கழன்று, மேலே ஒற்றைப் பொருத்திலே தொங்கிக்கொண்டு பக்கவாட்டில் மிதந்தது. வள்ளம் தன் விருப்பத்துக்குச் சுழன்று காற்றுக்கு முதுகைக் காட்டியது. பாயின் அடிமரம் என் தலைக்குமேலாக ஒருதரம் வீசிப் போனதை இன்றைக்கும் மறக்கவில்லை.

அத்தான் பதறவில்லை. பாயை இறக்கச் சொன்னார். சிறு துடுப்பொன்றைப் பின்னே செருகி, அதையே சுக்கானாக்கி, ஒருமணித்தியாலத்துக்கு மேல் போராடிக் கரைசேர்த்தார். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. இதய வைத்தியரிடம் வருடம் இருமுறை போய்வருபவர். கரையில் இறங்கியபோது அவருடைய உதடுகள் நீலமாகியிருந்தன.

அக்கா சத்தம்போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீடு வந்து, சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உந்த வள்ளத்தை வித்துப்போடுங்கோ. இல்லாட்டி ஆருக்கும் சும்மா குடுங்கோ. இனி நீங்கள் உதிலை ஏறினால் நான் இந்த வீட்டிலை இல்லை."

அத்தான் மறுத்துப் பேசவில்லை. கராஜுக்குள் போய் விளக்கைப் போட்டார்.

வள்ளத்தின் பின்பலகையிற் சுக்கானைத் தொங்கவிடும் முறை எளியது. பலகையில் மேலும் கீழுமாக இரண்டு வளையங்கள். சுக்கானிலே அவற்றுக்கு நேராக, கீழ்நோக்கிய இரண்டு முளைகள். முளைகளை வளையங்களுக்குள் இறக்கிவிட்டால் சுக்கான் கதவுபோல இருபுறமும் திரும்பும். ஆங்கிலத்தில் முளையைப் 'பின்ட்டில்' என்றும் வளையத்தைக் 'கஜன்' என்றும் சொல்வார்கள். முறிந்தது கீழ் வளையம். அத்தான் அந்த முறிவை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். வெளியே மஞ்சட் பித்தளை. உள்ளே, முறிந்த வாயிலே, இளஞ்சிவப்பு.

"பாத்தீரே தம்பி? நாகம் போட்டுது."

பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்பு. சாதாரணப் பித்தளையில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு நாகம் இருக்கும். உப்புத்தண்ணீர் அந்த நாகத்தை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கடற்பஞ்சு போலத் துளைவிழுந்த செம்பு. உருவம் அப்படியே இருக்கும், மினுக்கினால் மினுங்கும், பலம் மட்டும் இராது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்துக்கு இந்த நோய் இல்லை. அதனாலேதான் நல்ல கப்பற்சாமான்களை வெண்கலத்தில் வார்த்தார்கள். இதெல்லாம் தெரிந்த எந்திரி ஏன் பித்தளையைப் போட்டார் என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு முன்னர் முதற் பொருத்துகள் தேய்ந்தபோது, மலிவாகக் கிடைத்ததென்று தாமே வாங்கிப் பூட்டியதாக ஒப்புக்கொண்டார். "ஒரு கோடைக்குக் காணும் எண்டு பூட்டினது" என்றார். ஒரு கோடைக்கென்று பூட்டியவை நம் எல்லோர் வீட்டிலும் இருபது வருடம் இருக்கின்றன.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "தம்பி, நீர் தமிழ் வாத்தியார். உதுக்குத் தமிழிலை என்ன பேர்?"

எனக்குத் தெரியவில்லை. சுக்கான் என்ற சொல்லே அரபியர் கொண்டுவந்து தந்தது. கப்பலோட்டியை மீகாமன் என்போம். கண்ணகி வழக்குரையிலே மீகாமன் கடலோடி வந்து வெடியரசனோடு பொருத கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்த மீகாமன் கையிலிருந்த கருவி எதிலே தொங்கியது, அந்த ஆணியையும் துளையையும் அவனுடைய ஆட்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. முளை, துளை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அத்தான் திருப்திப்படவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "எங்கடை பழைய வீட்டுக் கதவுக்குப் பிணைச்சல் இல்லை. கதவின்ரை மூலையிலை மேலையும் கீழையும் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டு நிக்கும். கீழ்க்குமிழ் கல்லிலை இருக்கிற குழிக்குள்ளை நிண்டு சுத்தும். அதுக்கு என்ன சொல்லுறது?"

குடுமி! கதவுக் குடுமி, குடுமிக்குழி. அகராதியில் இருக்கும் சொல். நான் எத்தனையோ முறை பொருள் சொல்லிக்கொடுத்த சொல். சிறுவயதில் அந்தக் குழிக்குள் எண்ணெய் விடும் வேலை என்னுடையதாகவே இருந்தது. அந்த இரவிலிருந்து எங்களுக்கு அது சுக்கானின் குடுமியாயிற்று. கடலோர ஊர்களில் வேறு பெயர் வழங்கியிருக்கக்கூடும். அறிந்த நேயர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

அடுத்தநாள் கப்பற்சாமான் விற்கும் கடையொன்றுக்குப் போனோம். வாங்குவதே புத்தியென்று நான் வாதாடினேன். அக்காவின் முகம் என் கண்ணுக்குள் நின்றது. கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. வெண்கலம், கறையில் உருக்கு, அலுமினியம், கறுப்பு நைலோன் என்று பலவகை. முறிந்ததைப்போலவே தோன்றிய வளையம் ஒன்றைப் பதினான்கு பவுண் கொடுத்து வாங்கிவந்தோம். வள்ளத்தோடு பொருத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணுக்கு ஒத்திருப்பது வேறு, அளவுக்கு ஒத்திருப்பது வேறு என்பது.

பழைய முளையின் குறுக்களவு ஒரு அங்குலத்தின் பதினாறில் ஐந்து. அது 7.94 மில்லிமீற்றர். புதிய துளை 8 மில்லிமீற்றர். அந்தமட்டில் அதிர்ஷ்டம், அங்குலமும் மில்லிமீற்றரும் அவ்விடத்தில் ஏறக்குறையச் சந்திக்கின்றன. கால் அங்குல முளையென்றால் ஆறு மில்லிமீற்றர்த் துளைக்குள் இறங்கவே இறங்காது. ஆனால் புதிய வளையத்தின் துளை, பின்பலகையிலிருந்து பழையதைவிட எட்டு மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேல் வளையமோ பழையது. அத்தான் நேரான உருக்குக் கம்பியொன்றை எடுத்து மேல் வளையத்துக்குள் விட்டுக் கீழே இறக்கினார். கம்பி கீழ்த்துளைக்குள் போகாமல், அதன் உள்விளிம்பைத் தாண்டிப் பலகைப் பக்கமாக இறங்கியது. இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாவிட்டால் சுக்கான் இறுகும், அல்லது ஆடும். ஆடுவது உடனே தெரியாது. நீரில் ஒவ்வோர் அலைக்கும் ஆடி ஆடி, துளையை நீள்வட்டமாக்கி, கடைசியில் அதே 'டிக்' சத்தத்தில் முடியும்.

அப்படியானால் இரண்டு சோடியையும் ஒன்றாகவே வாங்கிவிடலாமே என்றேன். அதுவும் சரிவரவில்லை. சுக்கானைப் பற்றிப்பிடிக்கும் பட்டைகளின் இடைவெளி கடையில் 30 மில்லிமீற்றர். எங்கள் சுக்கான் கட்டையின் தடிப்பு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கட்டையைச் சீவி மெல்லியதாக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். 1974 இல் தம் கையால் ஒட்டிய மரத்தைப் பதின்நான்கு பவுண் தகரத்துக்காகச் சீவுவதா என்று அத்தானுக்கு வந்த கோபத்தைப் பார்த்து, நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இந்த இடையிலே ஒருநாள், அக்காவின் மனம் ஆறட்டுமென்று அவளை வின்செஸ்டர் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே கறுப்புக் கல்லிற் செதுக்கிய பழைய ஞானஸ்நானத் தொட்டியொன்று உண்டு. இன்றைய பெல்ஜியத்திலுள்ள தூர்னே என்ற ஊரின் கல். 1180 ஆம் ஆண்டை அண்டியது என்பர். புனித நிக்கொலசின் அற்புதங்களைச் சித்திரிக்கும் அதன் பக்கமொன்றில் ஒரு கப்பல் இருக்கிறது. அந்தக் கப்பலின் பின்னே சுக்கான்! ஐரோப்பியக் கலையில் பின்சுக்கானைக் காட்டும் மிகப்பழைய சான்றுகளுள் ஒன்றாக ஆய்வாளர் இதைச் சொல்வார்கள். அதற்குமுன் அந்த நாட்டவர் கப்பலின் வலப்புறத்திலே பெரிய துடுப்பொன்றைக் கட்டித்தான் திருப்பினார்கள். வலப்புறத்தை 'ஸ்டார்போட்' என்று அவர்கள் இன்றும் அழைப்பது அந்தத் திருப்புந் துடுப்பின் நினைவிலேதான். சீனர் இதில் வெகுவாக முந்திவிட்டார்கள். குவாங்சோ நகரில் ஹான் காலத்துக் கல்லறையொன்றிற் கிடைத்த சுடுமண் கப்பலிலே பின்சுக்கான் இருக்கிறது. அது ஏறக்குறைய முதலாம் நூற்றாண்டு.

வீடு திரும்பியதும் பெருமையோடு இதையெல்லாம் அத்தானுக்குச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்தச் சுக்கானிலை குடுமி தெரிஞ்சுதோ?"

நான் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தேன், காலத்தைப் பார்த்தேன், புனிதரைப் பார்த்தேன். எதிலே தொங்கியது என்று பார்க்கவில்லை. அக்கா அப்போது முதன்முறையாகச் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

முடிவில் நாங்கள் செய்தது வாங்குவதும் செய்வதும் கலந்த வழி. பின்பலகைக்கு ஒரே அளவான இரண்டு புதிய வளையங்களை வாங்கினோம். இரண்டும் ஒன்றேயானால் நேர்கோடு தானாகக் கிடைக்கும். சுக்கான் பக்கத்துக் குடுமிகளையும் அவற்றின் பட்டைகளையும் எங்கள் கட்டையின் அளவுக்கு நாங்களே செய்வதென்று தீர்மானித்தோம். உலோகம் கறையில் உருக்கு, 316 என்ற வகை. சமையலறையில் நாம் காணும் சாதாரண வகையைவிட இதிலே நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு மொலிப்டினம் கூடுதலாக இருப்பதால் உப்புத்தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும்.

செய்வதென்று சொல்வது எளிது. இரண்டு மில்லிமீற்றர்ப் பட்டையை நடுவிலே முளையைச் சுற்றி வளைத்து, இரு கைகளையும் கட்டையின் இருபுறமும் நீட்டவேண்டும். கறையில் உருக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வளைத்துவிட்டுக் கையெடுத்தால் சிறிது திரும்பி விரியும். அடிக்க அடிக்க இன்னும் கடினமாகும். முதலாவது பட்டை வாய் பிளந்துகொண்டு நின்றது. இரண்டாவதை அத்தான் கோபத்தில் அடித்து நெளித்தார். மூன்றாவதற்கு, முளையைவிடச் சற்று மெல்லிய கம்பியைச் சுற்றி வளைத்தோம். அது விரிந்து வந்தபோது எட்டு மில்லிமீற்றர் முளையைக் கச்சிதமாகப் பற்றிக்கொண்டது. ஒட்டுவேலைக்கு மட்டும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த மனிதர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, காசு வாங்க மறுத்து, வள்ளம் ஓடியதும் படம் அனுப்பச் சொன்னார். கீழ் முளையை மேலதைவிட முக்கால் அங்குலம் நீளமாக விட்டோம். அலையில் ஆடும் வள்ளத்திலே இரண்டு முளைகளையும் ஒரேநேரத்தில் இரண்டு துளைகளுக்குக் குறிபார்ப்பது கடினம். நீளமானது முதலில் தன் துளையைப் பிடித்துக்கொண்டால், மற்றது பின்னாலே தானாக இறங்கும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. பழைய திருகாணிகளைக் கழற்றிய துளைகளுக்குள் ஆணியால் குத்தினால், தேநீரில் நனைத்த ரஸ்க்கைப்போலப் பலகை பொதுபொதுத்தது. முறிந்தது பித்தளையாக இருக்கலாம்; அது முறியாதிருந்தாலும் இன்னும் சில ஓட்டங்களில் திருகாணிகளே பலகையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். மிறர் வள்ளத்திலே பின்பலகைக்கு உட்புறம் மூடிய காற்றறை. கவிழ்ந்தால் மிதக்கவைப்பது அதுதான். அந்த ஆணித்துளைகளின் வழியாக அதற்குள் இத்தனை வருடமும் தண்ணீர் ஊறியிருக்கிறது. அறையின் முன்சுவரில் கைபோகுமளவு வட்டம் வெட்டி மூடி பூட்டினோம். கெட்ட மரத்தைச் சுரண்டி, ஒரு வாரம் உலரவிட்டு, எப்பொக்சிப் பசையால் நிரப்பி, உள்ளே கடினமரத் துண்டொன்றை ஒட்டி, திருகாணிக்குப் பதிலாக ஊடுருவும் போல்ற்றுகளைப் போட்டு, அகன்ற வாசர்களோடும் கடற்பசையோடும் இறுக்கினோம். இறுக்குவதற்கு முன், அந்த நேர்க்கம்பியை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, அது விரலால் தட்டினாற் சுழலும்வரை சரிபார்த்தோம். கவிழ்ந்தால் சுக்கான் கழன்று மிதந்து போகாதபடி தடுக்கும் வில்தகட்டையும் அத்தான் மறக்கவில்லை. மொத்தச் செலவை நான் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பணத்துக்குப் பழைய மிறர் ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்று அக்கா சொன்னாள். அவள் சொன்னதில் பிழையிருந்திராது.

வேலை முடிந்த மாலை, அக்கா கராஜுக்குள் வந்தாள். இருவரும் பேசாமல் நின்றோம். அவள் வள்ளத்தின் பின்னே போய், சுக்கானை இரு கைகளாலும் பிடித்து, பாத்திரம் கழுவும் பெண்களுக்கே உரிய பலத்தோடு இடமும் வலமும் ஆட்டினாள். மேலே தூக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து காதை வைத்து, மறுபடியும் ஆட்டினாள்.

"முந்தி இதிலை ஒரு சத்தம் இருக்கும்" என்றாள். "டொக் டொக் எண்டு. நாங்கள் முதல் முதல் ஓடின அண்டைக்கும் இருந்தது."

அத்தான் திடுக்கிட்டார். தொடக்கத்திலிருந்தே பொருத்து ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாற்பத்திரண்டு வருடமாக அந்தச் சத்தத்தை வள்ளத்தின் இயல்பான சத்தமென்றே அவர் எண்ணியிருக்கிறார். எந்திரியின் காதுக்குப் பழகிப்போனது, கரையில் இருந்தவளின் காதுக்குப் பழகவில்லை.

"ஒரு மணித்தியாலம்" என்றாள் அக்கா. "காத்துக் கூடினால் உடனை திரும்பவேணும். தம்பி, நீ மணிக்கூட்டைப் பாத்துக்கொள்."

அடுத்த ஞாயிறு வள்ளத்தை இறக்கினோம். ஐம்பத்தைந்து நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டோம். அக்கா மடக்குக் கதிரையை விட்டெழுந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி, முழங்கால் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். "மிச்சம் அஞ்சு நிமிஷம் கிடக்குது" என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாள். நான் இறங்கி இடம்விட்டேன்.